தண்ணீர் லாரியின் இழுவை

கனரக லாரி வாங்குவோர் முதலில் குதிரைத்திறனைத்தான் கேட்பார்கள். பார்க்க வேண்டியது முறுக்குவிசை. ஓட்டுநர் பேச்சில் 'இழுவை'. 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நீர் மட்டுமே 12 டன். மயிலாப்பூர் மாட வீதியில் அது நின்று நின்று நகர, நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு அருகிலேயே நல்ல இழுவை வேண்டும். இருந்தால் வண்டி உறுமாமல் கிளம்பும், கிளட்சும் பிழைக்கும்.

எண்ணூரில் லாரி தயாரிக்கும் அசோக் லேலண்டு, 1980களில் ஜப்பானின் ஹினோவோடு சேர்ந்து கொண்டுவந்த எச் வரிசை இன்ஜின்கள் அந்தக் காலத்துக்கு நல்ல விடை. பழகிய மெக்கானிக் அவற்றின் கோளாறைக் காதாலேயே கண்டுபிடிப்பார்.

வாகனப் புகையைக் கட்டுப்படுத்த 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதி கணக்கை மாற்றியது. அதற்காகப் புகைக்குழாயில் பொருத்தும் வடிகட்டியில் சேரும் கரி, சூடு ஏறினால்தான் எரியும். நாமக்கல்லிலிருந்து நெடுஞ்சாலை பிடிக்கும் லாரியில் அது தானாக நடக்கும். தி.நகருக்கும் அடையாறுக்கும் இடையே ஊரும் வண்டியிலோ வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஓரங்கட்டி நிறுத்தி எரிக்க வேண்டிவரும். தேவைக்கு மிஞ்சிய திறனுள்ள இன்ஜின் சூடாகாமல் இன்னும் கரி சேர்க்கும். புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசலின் செலவு தனி.

நகருக்குள் ஓட்ட வாங்குவோர், முழு லோடு ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.