ஊர்ப்பெயரும் ஆட்பெயரும்: திண்டுக்கல் வட்டாரத்துப் பிரித்தானியப் பெயர்கள்

ஊருக்கும் ஆளுக்கும் ஒரே பெயர் வழங்குதல் தமிழுக்குப் புதியதன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி என்னும் ஊர் உண்டு. பழனி என்னும் பெயருடையாரோ தமிழகம் எங்கும் உளர். சிதம்பரம், காசி, அண்ணாமலை என்பனவும் இத்தகையனவே. தொல்காப்பியர் கூறும் நிலப்பெயர், சோழியன், மதுரையான் என்றாற்போல ஆளைக் குறிக்கும் ஈறு பெற்று வரும். பழனி முதலியனவோ அவ்வாறு ஈறு பெறாமல், ஊர்ப்பெயராகவே நின்று ஆளை உணர்த்துகின்றன. அவ்வூரிற் பிறந்தமை பற்றி அப்பெயர் இடப்பெறுவதன்று. அவ்வூர்த் தெய்வத்தின்பால் கொண்ட அன்பு பற்றியே இடப்பெறுகின்றது. எனவே, ஊர்ப்பெயர் ஆட்பெயராதற்குப் பிறப்பேயன்றி அன்பும் ஒரு காரணமாதல் பெறப்படும்.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, பிரித்தானியர் வழிவந்த பெயர்களை ஈண்டு நோக்குவாம். ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946இல் வெளியிட்ட 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூல், ஊர்ப்பெயர்களை மக்கள் வரலாற்றின் சான்றுகளாகக் காணும் நெறியை நமக்குக் காட்டியது. ஆயினும் அயற்பெயர் என்று வருமிடத்து நம் ஆய்வாளர் பலர் ஒலியமைதி ஒன்றையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அயல் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் அமைந்ததா, தமிழ் ஈறு பெற்றதா என்று வினவி, அவ்வளவில் அமைகின்றனர். இவ்வளவுகோல் பாதி உண்மையே உடையது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண், மாவட்டத்தின் மலைப்பகுதியாகிய கொடைக்கானலைக் காண்போம். அங்குக் கோக்கர் என்பார் பெயரால் 1872இல் அமைந்த நடைபாதை இன்றும் 'கோக்கர்ஸ் வாக்' என்றே வழங்குகின்றது. ஆள் பெயரோடு ஆங்கில வேற்றுமையுருபும், பாதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அப்படியே நின்றுவிட்டன. 'பிரையண்ட் பூங்கா' என்பதில் பின்மொழி மட்டும் தமிழாயிற்று. ஏரியை 1863இல் அமைப்பித்த லெவிஞ்சு என்பாரின் பெயரோ ஏரியின்மேல் நில்லாது ஒழிந்தது. இவை பலகையில் வாழும் பெயர்கள். இவற்றைத் தம் பிள்ளைக்கு இட்டு அழைப்பார் இலர்.

இனி, திண்டுக்கல் நகருக்கு வருவோம். திராவிட மொழிகள் வடமொழியினின்று பிறந்தன அல்ல, தம்முள் ஓரினமானவை என்பதைக் கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகட்கு முன்னரே, 1816இல், எடுத்துக்காட்டிய பிரான்சிசு வைட் எல்லிசு என்பார் 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். அவர் உடல் திண்டுக்கல்லில் அடக்கம் செய்யப்பெற்றது. 1818இல் சென்னையில் கிணறு தோண்டுவித்துப் பொறித்த தமிழ்க் கல்வெட்டில் அவர் தம்மைத் தாமே எல்லீசன் என்று கூறிக்கொள்கின்றார். அவர் மறைவிற்குப்பின் எழுந்த தமிழ்க் கல்வெட்டும் அவரை அவ்வாறே குறிக்கின்றது.

இவ்வாக்கம் இலக்கணத்திற்கு முற்றும் இயைந்தது. ஸகரம் நீங்கியது, ஆண்பால் ஈறு சேர்ந்தது, எல் என்பது ஒளியாகவும் எஞ்சியது ஈசனாகவும் கேட்பார் செவியில் ஒலிக்குமாறு அமைந்தது. ஆயினும் சென்னையில் அவர் பெயர் தாங்கிய சாலை 'எல்லிஸ் சாலை' எனவே வழங்குகின்றது. ஆளைக் குறிக்குமிடத்து எல்லீசன். இடத்தைக் குறிக்குமிடத்து எல்லிஸ். ஒரே பெயர் இரு வடிவமாகப் பிரிந்து நின்றது. புலவர் படைத்த வடிவம் கல்லிலும் ஏட்டிலும் தங்கியது. மக்கள் நாவிற்கு இறங்கவில்லை.

இதற்கு மறுதலையாய் நிற்பது பென்னிகுயிக் என்னும் பெயர். இது முதலில் ஓர் ஊர்ப்பெயர். இசுக்காத்துலாந்து நாட்டில் எடின்பரோ நகருக்குத் தெற்கே அவ்வூர் உள்ளது. அந்நாட்டார் அதனைப் 'பெனிகுக்' என ஒலிப்பர். குயிலின் குன்று என்பது அதன் பழம்பொருள் என்பர். ஊர்ப்பெயர் குடிப்பெயராயிற்று. அக்குடிப்பெயர் தாங்கி 1841இல் புனேயிற் பிறந்த சான் பென்னிகுயிக், பெரியாற்று அணையைக் கட்டும் பணிக்குத் தலைமை தாங்கி, 1895இல் அதன் நீரை மலை குடைந்து வையையிற் சேர்ப்பித்தார். அந்நீர் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்துப் பேரணையில் தடுக்கப்பெற்றுப் பெரியாற்றுப் பெருங்கால்வாயிற் புகுகின்றது.

இப்பெயரின் தமிழ் வடிவத்தை இலக்கணத்தால் நோக்கின் குறைகள் பல காணலாம். தமிழ்ச்சொல் ககர மெய்யில் இறாது, இது இறுகின்றது. உகரத்தின்பின் உயிர் வரின் வகர உடம்படுமெய் தோன்றல் விதி. அவ்வாறு 'குவிக்' என எழுதுவாரும் உளரேனும் 'குயிக்' என்பதே பெரிதும் வழங்குகின்றது. மேலும், இது செவிவழி வந்த வடிவமன்று. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்த வடிவம். இத்துணைக் குறையுடைய இப்பெயரையே கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் தம் பிள்ளைகளுக்கு இட்டனர். தைப்பொங்கலை ஒட்டி வரும் அவர் பிறந்தநாளைப் பாலார்பட்டியிற் பொங்கலிட்டுக் கொண்டாடுகின்றனர். தேனிப் பேருந்து நிலையமும் அப்பெயர் தாங்கியுள்ளது. ஊர் குடியாகி, குடி ஆளாகி, ஆள் மீண்டும் பிள்ளைகளும் இடமும் ஆயினமை காண்க.

இவ்விரு பெயர்களையும் ஒப்பிடின் ஒலியமைதி மட்டும் பெயரைத் தமிழாக்காது என்பது தெளிவாம். எல்லீசன் என்பது செய்யுளால் தமிழாயிற்று. பென்னிகுயிக் என்பது வழக்கால் தமிழாயிற்று. வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் ஆராய்தல் தொல்காப்பியம் தோன்றிய நாள் முதலாக நம் நெறியாதலின், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் பொருந்தாது. பழனி என்று பெயரிடச் செய்த அன்பே பென்னிகுயிக் என்றும் பெயரிடச் செய்தது. தூய்மை கருதி இதனைப் பட்டியலினின்று நீக்குவோமாயின், நீர் பெற்ற மக்களின் நன்றியுணர்வுக்குரிய சான்றையே நீக்கியவராவோம்.

இங்கு ஒரு தடை எழும். அன்னியர் ஆட்சியின் பெயரைப் போற்றுதல் அடிமை மனப்பான்மை ஆகாதோ எனின், ஆகாது. ஆட்சியே காரணமாயின், லெவிஞ்சின் பெயரும் ஏரியின்மேல் நின்றிருத்தல் வேண்டும். ஆயினும் தடையில் ஓர் உண்மையும் உண்டு. வெள்ளத்தாலும் காய்ச்சலாலும் அணைப்பணியில் மாண்ட தொழிலாளரின் பெயர்கள் எவ்வூர்க்கும் இடப்பெறவில்லை. பென்னிகுயிக் தம் உடைமையை விற்று அணையை முடித்தார் என்னும் கதையும் பெயரோடு சேர்ந்து வளர்ந்தது. அக்கதையை அணையின் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளாமல், பெயர் மக்கள் மனத்தில் வேரூன்றியதற்குச் சான்றாகக் கொள்ளுதலே முறை. பெயர் நன்றியைக் காட்டும். நிகழ்ச்சி முழுவதையும் காட்டாது.

ஆதலின், இத்துறையில் ஆராயப்புகும் மாணவர் ஊர்ப்பெயர்ப் பட்டியலோடு அமையாது, நிலக்கோட்டை, கம்பம் ஆகிய பகுதிகளில் வழங்கும் ஆட்பெயர்களையும் பெயரிட்ட பெற்றோர் கூறும் காரணங்களையும் திரட்டல் வேண்டும். ஒரு பெயர் எவ்வீறு பெற்றது என்பதோடு, யாருக்கு இடப்பெற்றது, ஏன் இடப்பெற்றது என்பனவும் ஆராயப்படின், அயற்பெயர் பற்றிய நம் இலக்கணம் நிறைவுறும்.