ஏரிக்கரையில் ஒரு சாவு

டெனி ஆர்க்கானின் 'த பார்பேரியன் இன்வேஷன்ஸ்' (2003) படத்தை வேலை முடிந்து வந்த ஓர் இரவில் பார்த்தேன். மொன்றியலில் ரெமி என்ற வரலாற்றுப் பேராசிரியர் புற்றுநோயில் கிடக்கிறார். லண்டனில் பணம் பண்ணும் மகன் வந்து, ஆஸ்பத்திரிக்காரருக்கும் தொழிற்சங்கத்துக்கும் காசு கொடுத்து, பூட்டிக் கிடந்த மாடியில் ஓர் அறை எடுக்கிறான். பழைய மாணவர்களையும் கூலி கொடுத்தே கூட்டி வருகிறான். கடைசியில் ஏரிக்கரை வீட்டில், நண்பர்கள் சூழ, அளவு மிஞ்சிய ஹெரோயின் ஏற்றப்பட்டு ரெமியின் உயிர் பிரிகிறது.

அழுதேன். பிறகு கோபம் வந்தது. தற்கொலைக்கு உதவினால் 14 வருடச் சிறை என்றிருந்த காலம் அது. அந்தச் சட்டத்தோடு மோதிய சூ ரொட்ரிகஸ், தசைகள் செயலிழந்து வந்த நிலையில், 1993 இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று தோற்றார். படத்தில் எவருக்கும் பொலிஸ் பயமே இல்லை!

2016 இல் சட்டம் மாறியது. இன்றைய ரெமிக்கு வைத்தியரின் ஊசி இலவசம். நல்லதுதான். ஆனால் மகன் காசு கொடுத்து வாங்கிய அறையையும் ஆட்களையும் எந்தச் சட்டம் கொடுக்கிறது? 2021 இல், சாவு நெருங்காத நோயாளருக்கும் வழி திறந்தார்கள். அடுத்த வருடமே ரொறன்ரோவில் இரசாயன ஒவ்வாமையுள்ள ஒரு பெண், தனக்கேற்ற வீடு கிடைக்காமல் இந்தச் சாவைத் தேர்ந்ததாகச் செய்தி வந்தது. ஆர்க்கானின் கமரா அப்படிப்பட்ட வீட்டுக்குள் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஐயா வலியில் கிடந்த மாதங்களில் நான் இங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி வழக்கு முடியவில்லை. தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: "எப்ப வாறாய்?"