ஐந்து பேர் எங்கே போனார்கள்?

ஜிம் தாம்சன் 1964இல் எழுதிய அமெரிக்கக் குற்ற நாவல் ஒன்றின் தலைப்பிலேயே கதை நடக்கும் சிற்றூரின் மக்கள்தொகை இருக்கிறது: 1280. 1966இல் அது பிரெஞ்சில் வந்தபோது தலைப்பில் 1275 உயிர்களே மிஞ்சின. காணாமற்போன ஐவரைத் தேடுவதையே கதையாக்கி ழான் பெர்னார் பூய் 2000இல் ஒரு நாவல் எழுதினார். அமெரிக்கக் குற்ற நாவல்களைப் பிரெஞ்சில் பெயர்த்த மரபில் தொலைந்தவை வேறும் உண்டு. அமெரிக்கர்களின் சாதாரணப் பேச்சு அவற்றுள் முதன்மையானது.

தாம்சனை மொழிபெயர்த்த மார்செல் துஆமெல், 1945இல் கலிமார் பதிப்பகத்தில் 'செரி நுவார்' என்ற குற்றப்புனைவு வரிசையைத் தொடங்கியவர். தாம்சனின் நூல் அந்த வரிசையில் 1000ஆவது. அமெரிக்கப் பேச்சுவழக்கைப் பாரிஸின் 'அர்கோ'வில் வார்ப்பது அந்த வரிசையின் அடையாளமாயிற்று. அர்கோ என்பது நம் இலக்கணம் குழூஉக்குறி என்று சொல்வதற்கு நெருங்கியது. ஒரு கூட்டத்துக்குள் பிறந்து தெருவுக்கு வந்த சொற்களின் களஞ்சியம்.

இந்த வழிக்கு உண்மையான வலிமை உண்டு. பணத்துக்கு அர்கோவில் 'ஃபிரிக்', 'பொஞோன்', 'ஓசேய்', 'ப்ளே' என்று வரிசையாகச் சொற்கள் கிடைக்கின்றன. அமெரிக்க ரவுடி பணத்தை 'பிசைந்த மாவு' என்கிறான். பாரிஸ்காரன் 'கோதுமை' என்கிறான். இப்படிப் பொருந்தும் இடங்களில் மொழிபெயர்ப்பு மூலத்தின் சூட்டோடு நிற்கிறது. பள்ளிக்கூட இலக்கணம் காவல் காத்த எழுத்துமொழிக்குள் தெருக்குரலைத் துணிந்து கொண்டுவந்ததில் இந்த வரிசைக்கும் பங்குண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் போரிஸ் வியான் 1946இல் தன் சொந்த நாவலையே ஓர் அமெரிக்கரின் நூலை மொழிபெயர்த்ததுபோல வெளியிட்டார். மொழிபெயர்ப்பு நடை அந்த அளவுக்கு வாசகரை ஈர்த்திருந்தது.

குறையும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் 'கை' (guy) என்று ஓர் ஆளைக் குறிப்பதைப் பேராசிரியரும் சொல்வார், லாரி ஓட்டுநரும் சொல்வார். அதை 'கோன்ஸ்' என்று மாற்றிய கணமே பேசுபவன் பாரிஸின் அடித்தட்டு வட்டத்துக்குள் போய்விடுகிறான். அதே பொருள் தரும் 'தீப்' என்ற பிரெஞ்சுச் சொல்லோ எல்லார் வாயிலும் இயல்பாக உட்காரும். ஆங்கிலப் பேச்சுவழக்கின் பெரும்பகுதி பேசுவோருக்கு இடையிலான நெருக்கத்தைக் காட்டுகிறது. அர்கோ பேசுபவரின் வர்க்கத்தைக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை மறந்ததுதான் மரபின் அடிப்படைப் பிழை.

ரேமண்ட் சாண்ட்லரின் துப்பறிவாளன் மார்லோவைப் பாருங்கள். கல்லூரி வாசலை மிதித்தவன். தெருச்சொல்லையும் தேர்ந்த உவமையையும் ஒரே மூச்சில் சொல்பவன். அவன் குரலின் சுவையே அந்த ஏற்ற இறக்கம். முழுக்க அர்கோவில் தோய்த்தால் மேடு பள்ளம் சமமாகிவிடும். குழூஉக்குறிக்கு ஆயுளும் குறைவு: அழகியைக் குறித்த 1950களின் 'பெப்பே' இன்று பழைய படத்தின் வசனம்போல ஒலிக்கிறது. வட்டார வழக்கொன்றை இன்னொரு வட்டார வழக்கால் பெயர்ப்பதை மொழிபெயர்ப்புக் கோட்பாட்டாளர் அந்துவான் பெர்மான் 1985இல் கடுமையாக எதிர்த்ததற்குக் காரணம் உண்டு. கலிபோர்னியாக்காரன் வாயில் பாரிஸ் நாக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் பொதுநடைக்குள் அடக்குவது தீர்வாகாது. அப்போது மூலத்தின் உயிர் போய்விடும். பிரெஞ்சின் இலக்கணமே வேறு வழி தருகிறது. 'எனக்குத் தெரியாது' என்பதை 'ழ ந சே பா' என்று முழுமையாகச் சொல்லலாம். 'ந'வை விட்டு 'ழ சே பா' எனலாம். இன்னும் இளகி 'ஷே பா' எனலாம். ஒரே வாக்கியம், மூன்று படிகள். இதில் எந்தப் பேட்டையின் வாசனையும் இல்லை. 'ந'வை விழுங்கும் பழக்கம் எளிதில் காலாவதியாவதும் இல்லை.

விளிச்சொல் அடுத்த கருவி. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. பிரெஞ்சில் 'தூ'வா 'வூ'வா என்று ஒவ்வொரு சந்திப்பிலும் தீர்மானித்தாக வேண்டும். காதலர் எந்தப் பக்கத்தில் 'வூ'விலிருந்து 'தூ'வுக்கு இறங்குகிறார்கள் என்பது மூலத்தில் எழுதப்படாதது, மொழிபெயர்ப்பாளரே எழுதுவது. 'நீங்கள்' ஒருநாள் 'நீ'யாக மாறுவதன் கனம் தமிழ் வாசகருக்குத் தெரியும். இந்த ஒரு முடிவு பத்துக் கொச்சைச் சொற்களைவிட அதிகம் பேசும்.

அர்கோவைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. மூலத்தில் உண்மையான குழூஉக்குறி வரும் இடத்தில் அது வரட்டும். வெறும் இயல்புப் பேச்சை வாக்கிய அமைப்பும் விளியும் சுமக்கட்டும். 2009இல் நத்தலி பொனா, பியேர் போந்தில் இருவரும் இன்னொரு அமெரிக்கக் குற்றக்கதை ஆசிரியரான டேஷியல் ஹாமெட்டின் நாவல்களை முழுமையாக மறுமொழிபெயர்த்தனர். 2016இல் ழான் போல் கிராத்தியாஸ் தாம்சனின் நாவலை மீண்டும் மொழிபெயர்த்தபோது தலைப்பில் 1280 பேரும் இருந்தார்கள். துஆமெல் அந்த ஊருக்குப் பிரெஞ்சு வாசகரை அழைத்துச் சென்றார். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஊர்க்காரர்கள் தங்கள் குரலில் பேசுவதைக் கேட்கும் முறை பிறகு வந்தவர்களுக்கு வாய்த்தது.