நாணும் மனவடுவும்

வெண்ணிப் போர்க்களத்திற் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகிலே தோன்றிய புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். புறநானூற்றின் 65ஆம், 66ஆம் பாடல்கள் இச்செய்தியைத் தருவன. மானத்தின் உச்சநிலைக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவது தமிழாசிரியர் வழக்கு. ஆயின், அவன் புறமுதுகிட்டவனல்லன் என்பதும், முன்னிருந்து எறியப்பட்ட படைக்கலமே அப்புண்ணை உண்டாக்கிற்று என்பதும் போதிய அளவு சிந்திக்கப்படவில்லை. தவறேதும் இழைக்காத ஒருவன், பிறர் கண்ணுக்குத் தான் எவ்வாறு தோன்றுவான் என்ற எண்ணத்தாலேயே மாய்ந்தான்.

செய்யாத குற்றத்துக்கு நாணும் இந்நிலையை உளமருத்துவம் காலந்தாழ்த்தியே ஊன்றி நோக்கியது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்றபோது, பதற்ற நோய்களுள் ஒன்றாகவே வைக்கப்பட்டது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே அதனை அவ்வகையினின்றும் பிரித்து, நாணத்தையும் அதன் குறிகளுட் சேர்த்தது.

இவ்விடைக்காலத்தில் தோன்றிய நூல்களுள் அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992இல் வெளியிட்ட ‘மனவடுவும் மீட்சியும்’ தலையாயது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட படையினரின் துயரையும், வீட்டினுள்ளே வதையுற்ற பெண்களின் துயரையும் ஒரே தளத்தில் வைத்து நோக்கியமை அந்நூலின் துணிவு. செயலற்றுப் போனமை, உடலின் எல்லை மீறப்பட்டமை, பிறர் முன்னிலையில் இழிவுற்றமை ஆகியவற்றின் எதிர்வினையாகவே அவர் நாணத்தைக் காண்கிறார். மீட்சியையும் மூன்று படிகளாக வகுக்கிறார்: முதலிற் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்ந்து இரங்கல், பின்னர் வாழ்வோடு மீண்டும் இணைதல். இவ்வரிசை முக்கியமானது. நடந்ததனைத்தையும் முதல் நாளிலேயே கூறுமாறு வற்புறுத்துபவர், நாணுற்றவனை மீண்டும் ஒருமுறை பிறர் முன் நிறுத்துகிறார். “ஏன் எதிர்க்கவில்லை?” என்று தொடங்குபவர் அதனினும் கொடியவர். துணை தேடும் இளைஞன் உளவளத்துணையாளரின் பட்டத்தைக் காட்டிலும் இவ்விரு செய்திகளையே முதலில் நோக்குதல் தகும். ஒத்த துயருற்றோர் கூடும் குழுக்களுக்கு ஹேர்மன் அளிக்கும் இடமும் பொருத்தமானதே. தன்னைப் போன்ற பிறரை இழிந்தவரென்று எண்ணாதவனுக்குத் தன்னை அவ்வாறு எண்ணுதல் கடினமாகிறது.

எனினும், முதற்படியாகிய பாதுகாப்பை யார் அளிப்பது என்ற வினாவுக்கு நூல் தரும் விடை போதாது. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பகிடிவதையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆயினும், விடுதி அறையில் இழிவுபடுத்தப்பட்ட புதுமுக மாணவன் அடிபட்ட வலியைக் கூறினாலும் கூறுவான். தன்னைச் செய்யவைத்ததைக் கூறமாட்டான். இழிவுபடுத்தியவரும் அதைப் பார்த்துச் சிரித்தவரும் மறுநாள் அதே உணவுச்சாலையில் எதிரே அமர்கின்றனர். மாணவ ஆலோசகரோ பெரும்பாலும் அவனுக்குப் புள்ளியிடும் விரிவுரையாளர்! அவர் எத்துணை நல்லவராயினும், தாம் கேட்டதில் எது இரகசியமாகும், எது நிருவாகத்துக்குச் செல்லும் என்பதை முன்கூட்டியே சொல்லாதவரை அம்மாணவன் வாய் திறவான். 1926 என்ற இலக்கத்தில் இயங்கும் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையை நாடுவோனுக்கு, முகம் காட்டாமற் பேசலாம் என்பதே பேராறுதல். ஆனால், தொலைபேசியை வைத்தபின் அவன் திரும்ப வேண்டியது அதே விடுதிக்குத்தான்.

ஹேர்மன் தமது முதல் நூலிலேயே, பார்த்திருப்போர் நடுநிலை வகித்தல் இயலாதென்றும், வாளாவிருத்தல் கொடுமை இழைத்தவனுக்கே துணையாகுமென்றும் வாதித்தவர். அவ்வாதத்தின் முழுப்பயனை 2023இல் வெளிவந்த ‘உண்மையும் சீராக்கமும்’ என்னும் நூலிலேயே அவர் எடுத்துரைக்கிறார். நீதியை மீட்சியின் நான்காம் படியாகச் சேர்க்கும் அந்நூல், பாதிக்கப்பட்டோர் பலர் பழிவாங்கலை முதன்மையாக விரும்பவில்லை என்கிறது. நடந்தது கொடுமையென்று சுற்றியிருந்தோர் ஒப்புக்கொள்வதையும், நாணம் அதற்குரியவரிடம் திரும்பிச் செல்வதையுமே அவர்கள் வேண்டுகின்றனர். இது சிகிச்சை அறைக்குள் நிறைவேறத்தக்கதன்று. சிரித்தவர்களுள் ஒருவனேனும் எழுந்து சாட்சி கூறவேண்டும். இதுவரை அவனைப் பற்றி உளவளத்துணை நூல்கள் அதிகம் எழுதவில்லை.