ஈவ் ஆன்லைன்: போர்ப்பணிக்கு முந்தைய ஆயத்தம் – ஒரு திறனாய்வு

ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரைச் சேர்ந்த சிசிபி கேம்ஸ் நிறுவனம் 2003 மே மாதத்தில் வெளியிட்ட இணைய விண்கல விளையாட்டு ஈவ் ஆன்லைன். இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான வீரர்கள் மோதும் கூட்டணிப் போர்களையே எழுதுகிறார்கள். ஆனால் புதிதாக வரும் ஒருவர் முதலில் சந்திப்பது அதைவிடச் சிறிய ஒன்று: விண்நிலையத்தில் இருக்கும் முகவர் தரும் போர்ப்பணி. கொள்ளையர் கூட்டம் ஒன்றை அழித்துவிட்டு வா என்பார் முகவர்; அழித்துவிட்டு வந்தால் பணமும் நற்பெயரும் கிடைக்கும். பணிகள் ஐந்து நிலைகளில் உள்ளன. முதல் நிலைக்குச் சிறிய ஃபிரிகேட் கலம் போதும். நான்காம் நிலைக்குப் பெரும்பாலோர் பேட்டில்ஷிப் என்னும் பெருங்கலத்தைக் கொண்டு செல்கின்றனர்.

இந்தப் பணிகளில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது சுடும் திறமை அன்று. நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன் கலத்தில் எதைப் பொருத்தினோம் என்பதே அதை முடிவு செய்கிறது. விளையாட்டின் தாக்குதல்கள் நான்கு வகை: மின்காந்தம், வெப்பம், மோதல், வெடிப்பு. சாதாரணக் கலம் ஒன்றின் கேடயம் மின்காந்தத் தாக்குதலைச் சிறிதும் தடுப்பதில்லை. வெடிப்பை மட்டும் 50 விழுக்காடு தடுக்கிறது. அதன் உள்ளே உள்ள உலோகக் கவசம் இதற்கு நேர்மாறு. வெடிப்புதான் அதன் பலவீனம். எதிரிகளுக்கும் தனித்தனிக் குணங்கள் உண்டு. குரிஸ்டாஸ் கொள்ளையர் மோதல், வெப்பம் ஆகிய இரண்டாலும் தாக்குவர். நம் குறிபார்க்கும் கருவியையும் குழப்புவர். சான்ஷா, பிளட் ரெய்டர் கூட்டங்கள் மின்காந்தமும் வெப்பமும் கொண்டு தாக்கும். பிளட் ரெய்டர்கள் கலத்தின் மின்தேக்கியையும் உறிஞ்சுவர். மின்தேக்கி வறண்டால் கேடயத்தைச் சரிசெய்யும் கருவி நின்றுபோகும். அப்புறம் தப்புவது கடினம்.

ஆகவே எதிரி யார் என்று அறிந்து அதற்கேற்ற தடுப்புகளைப் பொருத்த வேண்டும். எல்லாவற்றையும் பொருத்திவிட முடியாது. இடங்கள் குறைவு, மின்திறனும் கணிப்பொறித் திறனும் அளவானவை. ஒரே வகைத் தடுப்பை அடுக்கினாலும் பயன் தேய்கிறது. இரண்டாவது கருவி அதன் முழு ஆற்றலில் ஏறத்தாழ 87 விழுக்காடும், மூன்றாவது 57 விழுக்காடும், நான்காவது 28 விழுக்காடும்தான் தரும். பெரிய ஏவுகணைகள் வேகமாக ஓடும் சிறு கலங்களை அதிகம் பாதிப்பதில்லை என்பதால் அவற்றுக்கென்று இலகு ட்ரோன்களையும் எடுத்துச் செல்ல வேண்டும். அந்தச் சிறு கலங்களில் சில நாம் வார்ப் செய்து தப்புவதைத் தடுக்கும் கருவி கொண்டவை. முதலில் அவற்றை வீழ்த்தாதவர் பின்வாங்க நினைக்கும்போது வழி இருக்காது.

இந்த ஆயத்தத்துக்கு எடை தருவது இழப்பு. அழிந்த கலம் திரும்ப வராது. காப்பீடு கலத்தின் விலையில் ஒரு பகுதியைத் தரும். பொருத்திய கருவிகளுக்கு எதுவும் தராது. திறன்களைக் கற்பதும் உண்மை நேரத்தில் நடக்கிறது. உயர்நிலைத் திறன் ஒன்றுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஒருவர் பெருங்கலம் ஒன்றை வாங்கிப் பொருத்தி நான்காம் நிலைப் பணிக்குப் போகிறார் என்றால், பல வாரச் சேமிப்பு அதில் ஏறியிருக்கிறது. வேறு பல விளையாட்டுகளில் தோற்றவுடன் மீண்டும் தொடங்கலாம் என்பதால் ஆயத்தம் ஒரு சடங்காகிவிடுகிறது. இங்கே அது உண்மையான கணக்கு. இந்த அளவில் ஈவின் வடிவமைப்பு மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் பணிகள் மாறுவதில்லை. ஒரே பெயருள்ள பணி ஒவ்வொரு முறையும் அதே எதிரிகளுடன், ஏறத்தாழ அதே வரிசையில் வருகிறது. எந்தக் கலத்தை அழித்தால் அடுத்த அலை வரும் என்பதுகூட நிலையானது. விளைவாக, வீரர்களே எழுதித் தொகுத்த பணிக் குறிப்புகள் இணையத்தில் நிறைந்துவிட்டன. எதைப் பொருத்த வேண்டும், எதை முதலில் சுட வேண்டும் என்று அங்கே விடை தயாராக இருக்கிறது. பைஃபா போன்ற மென்பொருளில் கலத்தை முன்கூட்டியே பொருத்திக் கணக்கிட்டும் பார்க்கலாம். அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் உழைத்தவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சிந்தித்துச் செய்ய வேண்டிய ஆயத்தம் அவற்றால் விடைத்தாளைப் பார்த்து எழுதும் தேர்வாகிவிட்டது. சரியாகப் பொருத்திய கலத்தில் சென்றவருக்குப் பணியின் மீதிப் பகுதி பெரும்பாலும் காத்திருப்புதான். 2012 இறுதியில் எதிரிகள் இலக்கை மாற்றி ட்ரோன்களையும் தாக்குமாறு சிசிபி திருத்தியது. அதனால் ட்ரோன்களை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும் பழக்கம் சற்றுக் குறைந்தது. பணிகள் மட்டும் பழையபடியே இருந்தன.

இதற்கான விடையை நிறுவனமே 2018 மே மாதத்தில் ‘அபிஸ்’ என்ற பகுதியில் தந்தது. அங்கே நுழைய உதவும் இழை, உள்ளே நிலவும் சூழலை மட்டும் சொல்கிறது: மின்புயல் என்றால் மின்காந்தத் தடுப்பு குறையும், தீப்புயல் என்றால் வெப்பத் தடுப்பு குறையும். உள்ளே யார் இருப்பர் என்று அது சொல்வதில்லை. மூன்று அறைகளை 20 நிமிடங்களுக்குள் கடக்க வேண்டும். தவறினால் கலமும் அதற்குள் இருக்கும் உயிர்க்கூடும் சேர்ந்தே போகும். பாதி தெரிந்து பாதி தெரியாத இந்த நிலையில் யாரும் விடையைப் பார்த்து எழுத முடியாது. எந்த எதிரி வந்தாலும் ஓரளவு தாங்கும் பொருத்தமா, சிலரை விரைவாக வீழ்த்தி மற்றவரிடம் திணறும் பொருத்தமா என்று ஒவ்வொருவரும் தாமே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் தொடக்கத்தில் அபிஸில் க்ரூசர் வகைக் கலம் மட்டுமே நுழைய முடிந்தது. தோற்றால் இழப்பும் அதிகம். எனவே ஆயத்தத்தைக் கற்க வேண்டிய புதியவர்கள் இன்றும் முகவரிடமே போகிறார்கள். அங்கே அவர்கள் பெரும்பாலும் கற்பது எந்தப் பக்கத்தில் விடை இருக்கிறது என்பதைத்தான். முதல் இரண்டு நிலைப் பணிகளிலாவது எதிரிக் கூட்டத்தை ஒவ்வொரு முறையும் மாற்றி அமைத்திருந்தால், மலிவான சிறு கலத்தை இழந்தே அவர்கள் இதைக் கற்றிருக்கலாம்.