திருநாளைப்போவார் வரலாறு: இருநூற் பயிற்சி

தோல் பதனிடுந் தொழிலாற் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர்ப் பகுதியிலே, கணியம்பாடியில் வாழும் யாம், அண்மையில் திருநாளைப்போவார் வரலாற்றை இரு நூல்களில் அடுத்தடுத்துப் பயின்றோம். ஒன்று, 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம். மற்றொன்று, 19ஆம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை.

கீர்த்தனை நெஞ்சை உருக்குவதென்பதை மறுப்பாரிலர். தில்லைத் தரிசனத்திற்கு நாயனார் ஏங்கிய ஏக்கத்தை இசையறியாதாரும் உணருமாறு பாரதியார் பாடியுள்ளார். ஆயினும், அதில் வரும் வேதியராகிய பண்ணையாரும், ஓரிரவில் விளைந்து முற்றிய நாற்பது வேலி நிலமும் சேக்கிழார் வாக்கிற் காணப்படா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கியதற்கு இம்மாற்றமும் ஒரு காரணமென்பர்.

எம் கருத்தை ஈர்த்தது பிறிதொன்று. நாயனார் திருக்கோயில்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்து வந்தமையைச் சேக்கிழார் முதற்கண் விரித்துரைக்கின்றார். திருவாயிலுட் புகவொண்ணாதென்று விலக்கப்பட்ட அடியாரது கைப்பொருள், அவருக்கு முன்னரே சந்நிதியை அடைந்து பூசைக்கு உறுப்பாயிற்று. கீர்த்தனையிலோ பண்ணையடிமை வாழ்வு முன்னிற்க, இத்தொழிற்றொண்டு பின்னிடுகின்றது. கேட்போர்க்கு இரக்கம் பிறக்கின்றது. ஆனால் அத்தொழிலின்பால் மதிப்புப் பிறத்தற்கு இடம் குறைகின்றது.

தோல் தொழிலாளர் நிறைந்த இந்நாட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. முழவொலியை மங்கலமென்று போற்றி, முழவுக்குத் தோல் தந்த கையை இழித்தல் சிவநெறியாகுமோ? கீர்த்தனையைக் கேட்டு உருகும் அன்பர்கள் புராணத்தையும் ஒருமுறை ஓதி உணர்வாராக.