ஜேம்ஸ் ஆர்னஸ்: ஒரு மதிப்பீடு

ஜேம்ஸ் ஆர்னஸ் (மே 26, 1923 – ஜூன் 3, 2011) அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி நடிகர். சி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'கன்ஸ்மோக்' என்ற வெஸ்டர்ன் தொடரில் 1955 முதல் 1975 வரை மார்ஷல் மாட் டில்லனாக நடித்தார். தொடர் 20 பருவங்களில் 635 அத்தியாயங்களாக வெளிவந்தது. ஒரே வேடத்தில் 20 ஆண்டுகள் நின்றது கலையா, வெறும் பழக்கமா என்பதே அவரைப் பற்றி எழும் முதன்மையான கேள்வி.

வாழ்க்கை

ஆர்னஸ் மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸில் பிறந்தார். 'மிஷன் இம்பாசிபிள்' தொடரில் நடித்த பீட்டர் கிரேவ்ஸ் அவருடைய தம்பி. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் ஆன்சியோவில் 1944-ல் ஆர்னஸின் காலில் குண்டடிபட்டது. அந்த வலி ஆயுள் முழுக்க நீடித்தது.

அவருடைய உயரம் 6 அடி 7 அங்குலம். 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' (1951) படத்தில் வேற்றுக்கிரக உயிரியாக நடித்தபோது அந்த உடல் மட்டுமே பயன்பட்டது, முகம் பயன்படவில்லை. 'ஹோண்டோ'வில் (1953) ஜான் வெய்னுடன் நடித்தார். 1955 செப்டம்பர் 10 அன்று ஒளிபரப்பான 'கன்ஸ்மோக்' முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் திரையில் தோன்றி ஆர்னஸைப் பார்வையாளர்களுக்கு அறிமுகப்படுத்தியவரும் வெய்ன்தான்.

நடிப்பு

1952-ல் வானொலியில் தொடங்கிய 'கன்ஸ்மோக்'கில் வில்லியம் கான்ராட் தன் கனத்த குரலால் டில்லனை உருவாக்கினார். ஆர்னஸ் அந்தக் குரலைப் பின்தொடரவில்லை. அவருடைய டில்லன் பெரும்பாலும் கேட்பவர். கதையின் சிக்கல் டாட்ஜ் சிட்டிக்கு வரும் விருந்து நடிகருடையது. அவர் பேசும்போது டில்லன் அசையாமல் நிற்கிறார். எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா, பயப்படுகிறாரா என்பதை டில்லனின் முகத்தைப் பார்த்தே நாம் முடிவுசெய்கிறோம்.

நொண்டி நடக்கும் செஸ்டராக நடித்த டென்னிஸ் வீவரும், சிடுசிடுக்கும் மருத்துவராக நடித்த மில்பர்ன் ஸ்டோனும் எம்மி விருது பெற்றார்கள். உண்மையிலேயே கால் புண்பட்ட ஆர்னஸ் மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டும் பெறவில்லை. வெளிப்படையான நடிப்பே விருதுக்குழுவின் கண்ணில் பட்டது. அந்த இருவரும் துள்ளி விளையாட இடம் தந்தது ஆர்னஸின் நிதானம்.

குறைகள்

டில்லன் வளர்வதில்லை. தொடக்க அத்தியாயங்களில் பூட் ஹில் கல்லறை மேட்டில் நின்று அவர் பேசும் தனிமொழிகளில் கொலையின் பாரம் தெரிந்தது. அவை கைவிடப்பட்டபின் ஒரு வாரம் சுட்டவர் மறுவாரம் சுவடின்றி வருகிறார். அமண்டா பிளேக் நடித்த கிட்டியுடனான உறவு 19 பருவங்களிலும் பெயரிடப்படாமலே போயிற்று. பிற்காலத்தில் பல அத்தியாயங்களில் டில்லன் சற்றுநேரமே தோன்றுகிறார். வாராந்தரத் தொடரின் வடிவம் இதற்குக் காரணம் என்றாலும், ஆர்னஸ் அதை மீற முயன்றதாகத் தெரியவில்லை.

இடம்

1987 முதல் 1994 வரை வந்த ஐந்து 'கன்ஸ்மோக்' தொலைக்காட்சிப் படங்கள் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. 'தி லாஸ்ட் அப்பாச்சி'யில் (1990) முதிய டில்லன் தனக்கு ஒரு மகள் இருப்பதை அறிகிறார். முன்பு அதிகாரமாகத் தெரிந்த அதே மௌனம் இப்போது இழப்பாகத் தெரிகிறது. ஆகவே அது பழக்கம் மட்டுமல்ல, கலையும்தான். நடிப்பு பயில்பவர்கள் முதல் ஆறு பருவங்களின் அரைமணி நேர அத்தியாயங்களிலிருந்து தொடங்கலாம். பேசுபவரை விட்டுவிட்டு டில்லனை மட்டும் கவனித்தால் ஆர்னஸின் திறன் புலப்படும்.